பெரிய பாய்

ஏரவாடா, பூனா
14-8-1996

ஷீலா அக்காவுக்கு வனஜா எழுதறது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். மழையிலே அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் விடலே. ஆனா ஃபாக்டரிக்கு ஒரு நாள் மட்டம் போடலே. உன் இடுப்பு வலி எப்படி இருக்கு? ஜம்பு மாமா சுகமா? சுஷ்மாவுக்கு மூணு வயசு முடிஞ்சிடுச்சே, இப்போ இன்னா பேசறா?

ஒரு சேதி. ஜூன் மாசம் பால்வாடி டீச்சர் கோர்ஸ்லே சேர்ந்துட்டேன். ஒரு வருஷம். காலையிலே பால்வாடிப் பிள்ளைங்களோட இருக்கணும், மத்தியானம் கிளாஸ். எல்லாம் மராட்டிதான். எதிர் வீட்டு சின்னம்மா கேக்கறா, "மூக்கு துடைக்கவும் கால் கழுவி விடவும் ஒரு படிப்பா? அதுக்கு ஆயா போதாதா?"ன்னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! "உன் பையனுக்கு ஆறு வயசாகியும் பென்சில் பிடிக்க வரலே. மூணு வயசுலே அவன் கையிலே யாராவது களிமண்ணு குடுத்திருந்தா வந்திருக்கும். அதைத்தான் படிக்கிறேன்"னேன். மூணு நாளா பேசலே. நிம்மதியா இருக்கு.

பாய் ரொம்ப நல்லவங்க. சத்தமே போடாம முப்பது பிள்ளைங்களை உக்கார வெச்சுடறாங்க. ஆனா எனக்கு உசுரு பெரிய பாய்தான். என் நோட்டைப் பார்த்துட்டு, எல்லார் முன்னாடியும், "இந்தப் பொண்ணுக்குக் கண்ணு இருக்கு"ன்னாங்க. அவங்க டப்பாவிலேர்ந்து சாபுதானா கிச்சடி எடுத்துக் குடுத்தாங்க. சலீம் இருக்கானே, கையைப் பிடிச்சா விடவே மாட்டேங்கறான். நேத்து சப்பாத்தியைப் பிச்சு எனக்கு ஒரு வாய் ஊட்டியே விட்டுட்டான்! இவங்கல்லாம் இல்லேன்னா எனக்கு இந்தப் பூனாவே வேணாம்.

உடனே பதில் போடு. சோம்பேறித்தனம் பண்ணாதே.

உன் தங்கச்சி
வனஜா


குடியாத்தம்
2-9-1996

அன்புத் தங்கை வனஜாவுக்கு அக்கா ஷீலா எழுதியது. இங்கு அனைவரும் நலம். இடுப்புக்குத் தைலம் தடவுகிறேன், பரவாயில்லை. அப்பாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சுஷ்மா நன்றாகப் பேசுகிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல் மாமா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டு வந்ததும் பிரித்து, எல்லோரும் கேட்கச் சத்தமாகப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு மீதியை மனசுக்குள் படித்தார். பிறகு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வயசுப் பெண் யாரோடு பழகினாலும் பார்த்துப் பழக வேண்டும். எழுதும்போதும் யோசித்து எழுது. மாமாவின் தம்பி ரவிசந்திரனுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் ஜாதகம் அப்பாவிடம் இருக்கிறதா என்று மாமா கேட்கச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷீலா


ஏரவாடா
20-10-1996

அக்காவுக்கு வனஜா. அப்பா சுகம், நான் சுகம். தீபாவளி வருது, உங்க எல்லாருக்கும் நல்லபடியா அமையட்டும். சம்பிரதாயம் முடிஞ்சுது. இப்போ கேளு.

யோசிச்சு எழுதணுமா? அக்காவுக்கு எழுதறதுக்கு இன்னாத்துக்கு யோசிக்கணும்? உனக்கு வர்ற லெட்டரை அவரு இன்னாத்துக்கு ரேடியோ நியூஸ் மாதிரி படிக்கணும்? உனக்குக் கண்ணு இல்லியா? ஜாதகம் அப்பாவோட டிரங்குப் பெட்டியிலே இருக்கு. அங்கேயே இருக்கட்டும். ரவிசந்திரன் நல்லவராவே இருக்கட்டும், எனக்கு வேணாம். மார்ச்சுலே பரீட்சை. அப்புறம் வேலை.

வேலைன்னதும் சொல்றேன். இதை முடிச்சா பால்வாடி மட்டும்னு நெனச்சேன். அப்படி இல்லே. இங்கிலீஷ் நர்சரி எடுத்துக்கறாங்க, ஆஸ்பத்திரியிலே சீக்குப் பிள்ளைங்களுக்கு விளையாட்டுக் காட்ட ஆள் எடுக்கறாங்க. தளேகாவ்லே ஒரு ஃபாக்டரி, அங்கே வேலை செய்யற பொம்பளைங்களோட கைப்பிள்ளைங்களுக்கு ஒரு காப்பகம் திறக்கப் போகுது. பெரிய பாய் என் பேரைக் குடுத்திருக்காங்க. போன சனிக்கிழமை அவங்களே என்னைக் கூட்டிக்கினு போனாங்க. லோக்கல் ரயில்லே ஜன்னலோரம் என்னை உக்கார வெச்சு வேர்க்கடலை வாங்கிக் குடுத்தாங்க. அந்த ரூமைப் பார்த்தேன் அக்கா. பெரிய ஜன்னல், பிள்ளை உயரத்துக்குத் தண்ணிக் குழாய். "இது உன் ரூம்"னாங்க பெரிய பாய். எனக்கு அழுகை வந்துடுச்சு. திரும்பறதுக்குள்ளே இருட்டிடுச்சு, வீட்டு வாசல் வரைக்கும் வந்து விட்டுட்டுதான் போனாங்க.

இதையும் மாமா சத்தமா படிக்கட்டும். எனக்கு ஒண்ணும் பயமில்லே.

வனஜா


குடியாத்தம்
25-11-1996

அன்புள்ள வனஜாவுக்கு, நலம். உங்கள் நலத்துக்கு இங்கே வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து மாமா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அந்தப் படிப்பு போதும் என்கிறார். ஏன் என்று என்னைக் கேட்காதே. பொங்கலுக்குப் புறப்பட்டு வா. வந்தால் திரும்ப அவசரப்பட வேண்டாம். ரவிசந்திரன் வீட்டுக்குப் புது கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

இன்னும் ஒன்று எழுத நினைத்தேன். மாமா தபாலில் சேர்க்கக் கிளம்பி நிற்கிறார்.

ஷீலா


ஏரவாடா
8-1-1997

அக்காவுக்கு. நாங்க நல்லா இருக்கோம், நீங்களும் நல்லா இருங்க.

பொங்கலுக்கு வர மாட்டேன். ஏன்னு கேக்காதேன்னு எழுதறியே, நீ இன்னா ஜட்ஜா, தீர்ப்பு மட்டும் சொல்றதுக்கு? நான் இன்னா தப்பு பண்ணேன்? கட்டில் வாங்கினாராம், கட்டில். யாரைக் கேட்டு வாங்கினாரு?

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை என் கடைசிப் பாடம். வெளியிலேர்ந்து ஒருத்தங்க வந்து பின்னாடி உக்காந்து மார்க் போடுவாங்க. நாப்பது நிமிஷம் நான் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தணும். அன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான். நான் எடுத்திருக்கிறது "சத்தம்". அப்பாவோட பழைய பல்பொடி டப்பா எட்டு சேர்த்து, ஒண்ணுலே அரிசி, ஒண்ணுலே கூழாங்கல்லு, ஒண்ணுலே புளியங்கொட்டைன்னு போட்டு ஒட்டியிருக்கேன். கண்ணை மூடிக்கினு ஆட்டிப் பார்த்து, உள்ளே இன்னா இருக்குன்னு பிள்ளைங்க சொல்லணும். அப்பாகூட ஆட்டிப் பார்த்துட்டு, "புளியங்கொட்டை"ன்னு சரியா சொன்னாரு. அவரு சிரிச்சு எத்தினி நாளாச்சு தெரியுமா?

பரீட்சை முடிஞ்சதும் நானே வரேன். அது வரைக்கும் என்னை விடுங்க.

வனஜா


தந்தி
8-3-1997

ஷீலா சீரியஸ். வனஜா உடனே புறப்படவும்.
ஜம்பு


ஏரவாடா
24-3-1997

அக்காவுக்கு.

நலம் விசாரிக்க மாட்டேன். நீ நல்லா இருக்கேன்னு கண்ணாலே பார்த்துட்டுதான் வந்தேன்.

திங்கக்கிழமை காலையிலே தந்தி வந்துச்சு. அப்பா ஃபாக்டரிக்கு ஓடிப் போயி கேட்டாரு. லீவு கிடைக்கலே. நான் கட்டின துணியோட ஏறிட்டேன். காட்பாடி வரைக்கும் கதவோரம் உக்காந்துக்கினு, போறதுக்குள்ளே நீ போயிடுவியோன்னு ஊர்லே இருக்கிற சாமியெல்லாம் கும்பிட்டேன். பாடத்தை நெனக்கவே இல்லே. குடியாத்தம் பஸ் ஸ்டாண்டிலேர்ந்து ஓட்டமா ஓடி வந்தா, நீ வாசல்லே அப்பளம் காய வெச்சுக்கினு இருக்கே! என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினே.

கூடத்திலே ரவிசந்திரன் புதுச் சட்டையோட உக்காந்திருக்காரு. மாமா என் லெட்டருங்களை எடுத்துப் போட்டாரு. ஸ்கேல் வெச்சு சிவப்பு மையிலே கோடு போட்டிருக்காரு.

"யாரு அந்தப் பாய்?"

"எந்தப் பாய் மாமா?"

"ரெண்டு பேராச்சே. சின்ன பாய் ஒருத்தன், பெரிய பாய் ஒருத்தன். ஊட்டி விடறதுக்கு சலீம்னு ஒருத்தன். துலுக்கப் பசங்களோட ரயில்லே சுத்திட்டு இருட்டினப்புறம் வீட்டுக்கு வர்றே, அதை வெக்கமில்லாம எழுதறே."

எனக்கு முதல்லே புரியலே. புரிஞ்சதும் சிரிப்பு வந்துச்சு. "மாமா, மராட்டியிலே டீச்சரம்மாவை 'பாய்'னுதான் கூப்பிடுவாங்க. பெரிய பாய்னா ஹெட்டம்மா. ஒன்பது கெஜம் புடவை கட்டிக்கினு, பேரன் எடுத்தவங்க. சலீமுக்கு நாலு வயசு, இன்னும் மூக்கு ஒழுகுது"ன்னேன்.

மாமா முகம் போன போக்கைப் பார்க்கணுமே. "பொம்பளைன்னு ஒரு வார்த்தை எழுதினா இன்னா? 'வந்தாங்க, சொன்னாங்க'ன்னு எழுதினா ஆம்பளையா பொம்பளையான்னு எவன் கண்டான்?"னு என்மேலயே பாய்ஞ்சாரு. அப்புறம் எல்லாரும் சிரிச்சீங்க. கேசரி குடுத்தீங்க. நானும் முழுங்கினேன், அதை நெனச்சாதான் என்னையே செருப்பாலே அடிச்சுக்கணும் போல இருக்கு. அவங்க நெசமாவே ஒரு முஸ்லிமா இருந்தா இன்னா போச்சு? பாடம் சொல்லிக் குடுக்கிறவங்கதானே? அதை அங்கேயே நான் கேட்டிருக்கணும்.

நான் கேசரி முழுங்கின நேரத்துலேதான் இங்கே பரீட்சைக்காரம்மா வந்து உக்காந்திருக்காங்க. சலீம் என் டப்பாவை ஒருத்தரையும் தொட விடலியாம். "வனஜா பாய் வருவாங்க"ன்னு மடியிலே வெச்சுக்கினு உக்காந்திருந்தானாம். தளேகாவ் ரூமுக்கு வேற பொண்ணு போயிட்டா. ஜூன்லே திறக்கறாங்க, அடுத்த வருஷம் வரைக்கும் எனக்காகக் காத்துக்கினு இருப்பாங்களா?

மாமாவை விடு, அவருக்கு மராட்டி தெரியாது. நீ? ஏரவாடா முனிசிபல் ஸ்கூல்லே பத்தாவது வரைக்கும் படிச்சவ நீ. என்னை முதல் நாள் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கினு போயி, "இவங்கதான் உன் பாய், வணக்கம் சொல்லு"ன்னு சொன்னவ நீ. மாமா "யாரு அந்தப் பாய்"னு கேக்கறப்போ நீ அடுப்பங்கரைக் கதவைப் பிடிச்சுக்கினு நின்னே. ஏன் வாயைத் திறக்கலே?

வனஜா


குடியாத்தம்
5-4-1997

அன்புத் தங்கை வனஜாவுக்கு. இங்கு அனைவரும் நலம். வெயில் அதிகம். அப்பாவை மோர் குடிக்கச் சொல்.

நடந்தது நடந்துவிட்டது. மாமாவும் வருத்தப்படுகிறார். பெரியவர்கள் கவலைப்படுவது நம் நன்மைக்குத்தான். ரவிசந்திரன் இன்னமும் சம்மதமாகத்தான் இருக்கிறார். சுஷ்மாவுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. உனக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன், மாம்பழ நிறம்.

ஷீலா


(தபால் கார்டு)
ஏரவாடா
20-4-1997

அக்காவுக்கு. சுஷ்மாவுக்கு வேப்பிலைத் தண்ணி ஊத்து. புடவையை நீயே கட்டிக்கோ. கேட்டது ஒரே கேள்வி. அதுக்குப் பதில் இல்லாம இந்த வீட்டுக்கு லெட்டர் போடாதே.

வனஜா


குடியாத்தம்
30-7-1997

வனஜா,

எப்படிடி இருக்கே? அப்பா எப்படி இருக்காரு? மூணு மாசமாச்சு. இதை சுஷ்மாவை நர்சரியிலே விட்டுட்டு, போஸ்டாபீஸ் பெஞ்சிலே உக்காந்துக்கினு எழுதறேன். நானே பெட்டியிலே போட்டுடுவேன். முதல்லே மராட்டியிலேதான் எழுத ஆரம்பிச்சேன். நாலு வார்த்தைக்கு மேலே எழுத்து வரலே. மறந்து போச்சு.

தெரியும். உன் முதல் லெட்டரை அவர் படிச்சப்பவே தெரியும். "ஐயோ, அது டீச்சருங்க"ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதுக்குள்ளே, "இவளை ரவிக்குக் கட்டி வெச்சு இங்கேயே கொண்டு வந்துடணும்"னார். நான் வாயை மூடிக்கினேன்.

எட்டு வருஷம் ஆகப் போகுதுடி இந்த வீட்டுக்கு வந்து. என் பேச்சைக் கேட்டாலே எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் பூனா இந்திக்காரியாம். ஒரு சுவத்துக்கு அந்தாண்டை நீ இருந்தா, சின்ன வயசுலே மாதிரி உன்கிட்ட மராட்டியிலே சண்டையாவது போடலாம்னு இருந்துச்சு. அவ்வளவுதான் நெனச்சேன். தந்தி அடிக்கப் போறாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதையும் தடுக்கலே.

இன்னொண்ணும் இருக்கு. பத்தாவது முடிச்சப்போ நம்ம பாய் என்கிட்டயும் சொன்னாங்க, இதே கோர்ஸ்லே சேருன்னு. அந்த மாசமே எனக்குக் கல்யாணம். நீ "பாய் பாய்"னு எழுதி அவர் படிக்கப் படிக்க என் வயிறு எரிஞ்சுதுடி. உன் மேலேதான் எரிஞ்சுது. யார் மேலே எரியணுமோ அவங்க மேலே எரியலே.

உன் மார்ச் மாச லெட்டரைப் படிச்சுட்டு அவர் கேட்டப்போ, எனக்கு மராட்டியெல்லாம் மறந்து போச்சுன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரிஞ்சா என் நிலைமை இன்னான்னு உனக்கே தெரியும். பதில் எழுதினா அவர்தான் படிப்பார். இதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதிடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்.

ஷீலா


ஏரவாடா
25-8-1997

அன்புள்ள அக்காவுக்கும் மரியாதைக்குரிய மாமாவுக்கும் வனஜாவின் வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமா, நீங்கள் சத்தமாகப் படிப்பீர்கள் என்று இந்தத் தடவை யோசித்து, நல்ல தமிழில் எழுதுகிறேன்.

அன்றைக்கு அக்காமேல் கோபப்பட்டு எழுதியது தப்பு. பாவம், எட்டு வருஷத்தில் அவளுக்கு மராட்டி சுத்தமாக மறந்து போயிருக்கிறது. நான்தான் யோசிக்கவில்லை.

பெரிய பாய் (அதாவது ஹெட்டம்மா, பெண்) என்னை அதே பால்வாடியில் உதவிக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். மூக்கு துடைக்கிறேன், கால் கழுவி விடுகிறேன். எதிர் வீட்டு சின்னம்மாவுக்குக் குளிர்ந்து போயிற்று. மார்ச்சில் மறுபடியும் பாடம் எடுப்பேன். யார் செத்தாலும் எடுப்பேன். ரவிசந்திரனுக்கு வேறு இடம் பாருங்கள். கட்டில் வீணாக வேண்டாம்.

சுஷ்மா நர்சரிக்குப் போகிறாள் என்று கேள்வி. அவளுக்கு எங்கள் பால்வாடிப் பாட்டு ஒன்று எழுதியிருக்கிறேன். ராகம் போட்டுப் பாட வேண்டும், கை தட்ட வேண்டும். மாமா, உங்கள் குரல் கணீரென்று இருக்கும். நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

தாயி தாயி கப் பஸ்லீஸ்
துலா சக்ளம் மாஹீத் ஹோதம், கப் பஸ்லீஸ்
மாஜா தடா புடாலா, புடாலா
மீ விசர்ணார் நாஹீ, நாஹீ

பணிவுடன்,
வனஜா


குடியாத்தம்
12-9-1997

வனஜா,

அதே போஸ்டாபீஸ், அதே பெஞ்சு. உடம்பு பரவாயில்லே. அப்பாவைக் கேட்டேன்னு சொல்லு. உனக்கு இன்னும் கோவம் தீரலேன்னு தெரியும், அதனாலே உன்னை நலம் கேக்க பயமா இருக்கு.

லெட்டர் வந்த அன்னைக்கு அவர் கூடத்திலே நாற்காலி போட்டு உக்காந்து படிச்சார். "பார்த்தியா, உன் தங்கச்சிக்கு இப்பதான் மரியாதை வந்திருக்கு"ன்னார். அப்புறம் பாட்டு. "தாயைப் பத்தின பாட்டு போலிருக்கு"ன்னு சொல்லி, ராகம் போட்டு, என்னைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். மராட்டியிலே தாயின்னா அக்கான்னு அவருக்கு இன்னா தெரியும்? அக்கா அக்கா, வாயை மூடிக்கினு இருந்தே. உனக்கு எல்லாம் தெரியும், வாயை மூடிக்கினு இருந்தே. என் பாடம் முழுகிப் போச்சு, முழுகிப் போச்சு. நான் மறக்க மாட்டேன், மாட்டேன். மூணு தடவை பாடினார்டி, அவர் வாயாலேயே. சுஷ்மா கை தட்டினா. மாமியார், "நல்லா இருக்கே, இன்னொரு வாட்டி பாடு"ன்னாங்க. நான் நாலாவது தடவைக்கு மோர் கொண்டு வர்ற மாதிரி உள்ளே போயிட்டேன்.

இப்போ சுஷ்மா காலையிலே எழுந்ததும் பாடறா. குளிக்கிறப்போ பாடறா. தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் கத்துக் குடுத்துட்டா, சாயங்காலம் வாசல்லே பத்துப் பிள்ளைங்க வட்டமா நின்னு, "தடா புடாலா"ன்னு கத்துதுங்க. நான் காதைப் பொத்திக்க முடியுமா? "அம்மா, நீயும் பாடு"ன்னு இழுக்கறா. நானும் பாடறேன்.

உனக்குச் சொல்ல இன்னும் நிறைய பாக்கி இருக்கும். அடுத்த லெட்டர்லேயும் ஒரு பாட்டு எழுதி அனுப்பு, இதைவிட நீளமா. நான் உனக்குப் பதில் பாட்டு எழுதணும், அதுக்கு எழுத்து வரலே. சுஷ்மாவோட சிலேட்டுலே மறுபடியும் முதல் எழுத்திலேர்ந்து எழுதிப் பார்த்துக்கினு இருக்கேன்.

உன்
தாயி